உலகத்து எண்ணெயைப் பங்கு வைத்தவர்

தாராளம் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. சுவரிலும் பலகையிலும் எழுத்து எழுதிப் பிழைப்பவர் அவர். எந்தப் பலகையைக் கொடுத்தாலும் முதல் எழுத்தைத் தாராளமாக ஆரம்பிப்பார். அளவெடுப்பது, நூல் பிடித்துக் கோடு அடிப்பது, கட்டம் பிரித்துக்கொள்வது எல்லாம் கண்ணில் அளவு இல்லாதவன் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. பலகையில் பாதி தாண்டிய பிறகுதான் இடம் போதாது என்பது அவருக்கே தெரியவரும். அதற்கப்புறம் எழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி, கடைசி எழுத்து மூச்சு முட்டி ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும். பல் டாக்டர் ஒருவரின் பலகையில் 'பல்' மட்டும் ஆள் உயரத்துக்கு இருந்தது. அவர் படித்து வாங்கிய பட்டங்கள் எல்லாம் எறும்பு வரிசை போல அடியில் ஊர்ந்தன. டாக்டர் சண்டைக்கு வந்தார்.

"பல்லுதான சார் முக்கியம்? உங்க பட்டத்தைப் பார்த்தா யாருக்காவது பல்லு வலிக்கும்?" என்று கேட்டு, கூலியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் தாராளம்.

கையைப் போலத்தான் வாயும். பொய் சொல்வார் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. அள்ளி விடுவார். நடுக்கடலில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கப்பலுக்குப் பெயர் எழுதினேன் என்பார். அவர் கடலைப் பார்த்தது காலண்டரில்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் தனக்கு மாடி வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டார் விசாரித்தபோது, வீடு அக்காவுடையது, மாடியில் ஒரே ஓர் அறைதான், அதிலும் இவர் வாடகை இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்துபோயிற்று. கல்யாணம் அத்தோடு நின்றது. அதற்குப் பிறகு வேறு யாரும் பெண் கொடுக்கவில்லை. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 'எத்தனையோ பேர் கேட்டாங்க, நான்தான் பிடி கொடுக்கல' என்பதுதான் அவர் சொல்லும் கதை.

ரயில் பாதையை ஒட்டி இருந்த அந்த வீடு அக்கா கட்டியது. அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிற வேலை அவளுக்கு. பசை தொட்டுத் தொட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். காகிதம் காகிதமாக ஒட்டியே ஒரு வீட்டைக் கட்டினாள் என்று சொன்னால் மிகையில்லை. அவள் புருஷன், அதாவது தாராளத்தின் அத்தான், பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுபவர். நாள் முழுக்க மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தும் வாழ்க்கையில் எந்த மாடியிலும் இறங்க முடியவில்லையே என்ற குறை அவருக்கு நிரந்தரமாக உண்டு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குள் உலகத்து எண்ணெய் வந்து நுழைந்தது ஒரு சுவர் வழியாக.

ஊரில் பெட்ரோலும் டீசலும் வரவழைத்து விற்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அதன் அலுவலகத்தில் புதிதாக ஒரு கூட்ட அறை கட்டினார்கள். வெறும் சுவராக இருந்தால் கூட்டத்தில் உட்காருகிறவர்கள் தூங்கிவிடுவார்கள் என்று மேனேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது. சுவர் முழுக்க உலக வரைபடம். எந்தெந்த நாட்டில் எவ்வளவு எண்ணெய் என்பதற்குக் கறுப்புச் சொட்டுகள். நம்முடைய ஊருக்கு மட்டும் ஒரு சிவப்பு நட்சத்திரம். மாதிரிக்கு ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்துத் தாராளத்தை அழைத்தார்.

தாராளம் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது, ஒரே மூலையில இவ்வளவு கொட்டி வச்சிருக்கு?"

"அதுதான் வளைகுடா. உலகத்துல இருக்கிற எண்ணெயில பாதிக்குப் பக்கம் அங்கதான்."

"மிச்சம்?"

"வெனிசுலா, கனடா, ரஷ்யா... அப்புறம் அங்கங்க கொஞ்சம்."

"நமக்கு?"

"நம்ம ஊர்ல இல்ல. நாம வாங்கி விக்கிறவங்க."

"ஒரு சொட்டு கூடவா இல்ல?"

மேனேஜருக்கு விளக்கிச் சொல்வதில் ஆசை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலில் கண்ணுக்கே தெரியாத உயிர்கள் செத்து அடியில் படிந்தன, மேலே மண் ஏறி அமுக்கியது, அடியில் இருந்த சூட்டில் வெந்து வெந்து எண்ணெயாயிற்று என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தாராளம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏன் சார், நம்ம பக்கம் எதுவும் சாகலையாமா?"

"செத்திருக்கும்ப்பா. ஆனா எண்ணெய் தங்கணும்னா மேல கெட்டியான பாறை மூடி மாதிரி இருக்கணும். அது எல்லா இடத்துலயும் அமையாது. மூடி இல்லாத இடத்துல ஒழுகிப் போயிடும்."

"அதானே பார்த்தேன். சாகுறதுக்கு நாம, மூடி மட்டும் அவங்களுக்கு" என்றார் தாராளம்.

"உன் கையில இருக்கிற பெயின்ட், அதுல கலக்குற தின்னர், எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான். அந்த நன்றியோட வரை" என்று சொல்லிவிட்டு மேனேஜர் தன் அறைக்குப் போய்விட்டார். வரைந்து முடியும்வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தாராளம் இடது ஓரத்தில் ஆரம்பித்தார். ஆரம்பம் என்றால் அவருக்குக் கேட்கவா வேண்டும்? அமெரிக்காக்கள் இரண்டும் ஏணி உயரத்துக்கு எழுந்து நின்றன. வெனிசுலாவில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுக்கலாம். அட்லாண்டிக் கடலைத் தாண்டும்போதே அவருக்கு லேசாக வியர்த்தது. ஆப்பிரிக்காவை ஒல்லியாக்கினார். அதையும் தாண்டி வந்தால் சுவரின் வலது பக்கத்தில் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. தாராளத்தின் கணக்கில்தான் இல்லை. கதவுக்கு முன்னால் மிஞ்சிய இடத்துக்குள் பாதி உலகத்தை அடக்கியாக வேண்டும். வளைகுடா நாடுகள் அத்தனையும் சேர்ந்து உள்ளங்கை அளவுக்குச் சுருங்கின. தாளில் உள்ளபடி அவ்வளவு சொட்டையும் அதற்குள் வைத்தபோது, யாரோ மை பாட்டிலைத் தட்டி விட்டதுபோல ஒரே கறுப்புத் திட்டாகிவிட்டது.

தாராளம் ஏணியை விட்டு இறங்கி, எதிர்ச் சுவர்வரை பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அசிங்கமாக இருந்தது. துணியை டர்பன்டைனில் நனைத்து ஒவ்வொரு சொட்டாகத் துடைத்தெடுக்க ஆரம்பித்தார். துடைத்ததை வீணாக்க மனசு வரவில்லை. ஒல்லியாகிப் போன ஆப்பிரிக்காவுக்கு இரண்டு கொடுத்தார். வெறிச்சென்று கிடந்த கடலுக்கு ஒன்று போட்டார். வடக்கே குளிரில் கிடந்த ஒரு நாட்டுக்கு, பாவம் குளிர் காயட்டுமே என்று ஒன்று. கடைசியில் ஒரே ஒரு சொட்டு மிஞ்சியது. சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றி இடம் மொட்டையாக இருந்தது. நம் ஊருக்கும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று நட்சத்திரத்துக்குச் சற்று மேலே அதை வைத்து, பளபளவென்று ஒரு வெள்ளைக் கீற்றும் இழுத்துவிட்டார்.

இந்த எண்ணெயைப் பங்கு போடுவதற்காக எத்தனை நாடுகள் எத்தனை ஊர்களில் குண்டு போட்டிருக்கின்றன! எத்தனை பெரிய மனிதர்கள் நீண்ட மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து, முடியாமல் எழுந்து போயிருக்கிறார்கள்! தாராளம் காதில் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு, ஒரு கந்தைத் துணியை வைத்துச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மேனேஜர் வந்து பார்த்தார். நிறம் நன்றாக இருக்கிறது என்றார். கீழே மூலையில் தன் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்தவர்கள் வரைபடத்தைப் பார்க்கிற விதம் அது.

திறப்பு நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். இந்த மாதிரி ஆட்கள் சுவரைப் பார்ப்பதில்லை, நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு என்னவோ அவர் சுவரைப் பார்த்துவிட்டார். நேராக நட்சத்திரத்துக்குப் போய், மேலே இருந்த சொட்டில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். மேனேஜர் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் கைகட்டி நின்றிருந்த தாராளம் கதவுக்குப் பின்னால் பாதி ஒதுங்கினார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதிகாரியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். அதிகாரியின் முகம் மெல்ல மலர்ந்தது. மேனேஜரின் தோளில் தட்டிக் கொடுத்தார். தன் கைபேசியை எடுத்து அந்தச் சொட்டைப் படம் பிடித்துக்கொண்டார்.

டீ கொடுக்க வந்த பியூனும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சாயங்காலம் முடி வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்து கத்தரிச் சத்தத்துக்கு நடுவில் விஷயத்தை அவிழ்த்து விட்டார்: கம்பெனிச் சுவரிலேயே நம் ஊரில் எண்ணெய் இருப்பதாகப் போட்டிருக்கிறது, பெரியவர் காதும் காதும் வைத்த மாதிரி பேசிவிட்டுப் படமும் எடுத்துப் போயிருக்கிறார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது.

நட்சத்திரத்துக்கு மேலே சொட்டு. மேலே என்றால் வடக்கு. ஊருக்கு வடக்கே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இடித்த வீட்டுச் செங்கல்லும் உடைந்த ஓடும் கொட்டுகிற பொட்டல் கிடந்தது. அங்கேதான் எண்ணெய் என்று முடிவு செய்துவிட்டார்கள். உலக வரைபடத்தில் விரற்கடை தூரம் என்றால் தரையில் நானூறு ஐந்நூறு மைல் வரும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தாராளம் எண்ணெயைக் கொடுத்தது அடுத்த மாநிலத்துக்காரனுக்கு. இதைச் சொல்லக்கூடிய படிப்பு ஊரில் நிறையப் பேருக்கு இருந்தது. அவர்களும் பொட்டலில் இடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

தாராளம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷமாக அவர் கதை விட்டபோதெல்லாம் சிரித்தவர்கள் இப்போது நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள். தலைகால் புரியுமா?

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, மேலே கேட்டால் வானத்தைப் பார்ப்பார்.

பலகை விஷயத்தில் முறைத்துக்கொண்டு திரிந்த பல் டாக்டர் கூட அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இலவசமாகப் பல்லைச் சுத்தம் செய்தார். வாய்க்குள் குழாயையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, "உள்ளதைச் சொல்லுப்பா, இருக்கா?" என்று கேட்டார். தாராளம் மெதுவாக, பெரிய மனது பண்ணி, தலையை ஆட்டினார். மறுநாளே டாக்டர் பொட்டலில் பெரிய துண்டாக வளைத்துப் போட்டார். சலூன்காரர் தன் பங்குக்கு ஒரு மூலையை வாங்கினார்.

டாக்டர் வாங்கிய செய்தி ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறியது. லிஃப்டில் ஏறியது அத்தான் காதில் விழாமல் இருக்குமா? அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"வீட்டை வித்துடலாம். மர வியாபாரி ஒருத்தர் கேட்கிறார். அந்தப் பணத்தை அப்படியே பொட்டல்ல போட்டுடுவோம். கொஞ்ச நாள் வாடகை வீட்டுல கிடந்தா என்ன, அப்புறம் நாம இருக்கப்போறதே வேற மாதிரி."

"உங்க தலையில ஏதாவது அடிபட்டுச்சா?" என்றாள் அக்கா.

"டாக்டரே வாங்கியிருக்காருடி. படிச்சவன் சும்மா வாங்குவானா? வரைஞ்சவன் வேற நம்ம வீட்டு மாடியில உட்கார்ந்திருக்கான். நாம மட்டும் வாயில விரலை வச்சிக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா?"

அக்கா பசை விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "தம்பியைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் காலையில் மர வியாபாரி முன்பணத்தோடு வருவதாக ஏற்பாடு. அக்கா மாடிக்கு ஏறி வந்தாள். தாராளம் பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், நீதான வரைஞ்சே? அங்க எண்ணெய் இருக்கா இல்லையா?"

தாராளம் வழக்கம்போல வானத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். தலைக்கு மேலே அக்கா போட்ட கூரைதான் தெரிந்தது. ஊர் எப்படிப் போனாலும் அவருக்குக் கவலை இல்லை. இந்தப் பசை விரல்களைப் பார்த்துக்கொண்டு அவரால் அள்ளி விட முடியவில்லை.

"இல்லக்கா. அங்க ஒரு மண்ணும் இல்ல. ஒரு சொட்டு மிஞ்சிப் போச்சு. இடம் மொட்டையா இருந்துச்சு. வச்சுட்டேன்."

"சும்மாவா வச்சே?"

"சும்மாதான் வச்சேன்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தான் பாய்ந்து வந்தார்.

"பார்த்தியா! ஊருக்கெல்லாம் இருக்குன்னு தலையை ஆட்டிட்டு நமக்கு மட்டும் இல்லங்கிறான். வீட்டை வித்தா மாடி அறை போயிடும்னு பயம் இவனுக்கு."

"இல்லைங்க. இவன் பொய் சொல்றப்ப முகத்துல லைட் போட்ட மாதிரி இருக்கும். இப்பப் பாருங்க, செத்தவன் மாதிரி இருக்கான். உண்மையைத்தான் சொல்றான்" என்றாள் அக்கா. கீழே போய், மர வியாபாரியை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

அத்தான் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. மர வியாபாரி வீட்டுக்கென்று வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய்ப் பொட்டலில் போட்டார். உண்மையின் ருசியைக் கண்டுவிட்ட தாராளம் சலூனுக்குப் போய் அங்கேயும் அதைச் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தாராளமே இல்லங்கிறான்னா கண்டிப்பா இருக்குப்பா!" என்றார் சலூன்காரர். அன்று பொட்டலில் விலை இன்னும் ஒரு படி ஏறியது. சரி, சொட்டையே அழித்துவிடலாம் என்று கம்பெனிக்குப் போனார். மேனேஜர் எகிறிக் குதித்தார்.

"மேலிடத்துக்குப் படம் போயாச்சு. ஃபைல் நகர ஆரம்பிச்சாச்சு. அந்தச் சொட்டு மேல கையை வச்சே, நடக்கிறதே வேற!"

என்ன ஃபைல், எங்கே நகர்கிறது என்று கேட்கத் தாராளத்துக்குத் தோன்றவில்லை. தான் செய்த நல்ல காரியத்தின் மயக்கத்தில் இருந்தார்.

ஒரு வருஷம் போல ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடை பிடித்துக்கொண்டு போய், மண்ணை அள்ளி மோந்து பார்த்துவிட்டு வருவார். செங்கல் வாசம்தான் வந்தது. பொட்டலில் பணம் போட்டவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அத்தானே ஒரு நாள், "உன் தம்பி நம்மளைக் காப்பாத்திட்டான்டி" என்றார். அந்த ஒரு வருஷம்தான் தாராளம் வாழ்க்கையில் மரியாதையோடு இருந்த வருஷம். உண்மை பேசுவதால் வரும் நன்மைகளைப் பற்றி அக்கம்பக்கத்தில் உபதேசம் கூடச் செய்ய ஆரம்பித்தார். அக்கா அதையும் பொறுத்துக்கொண்டாள்.

பிறகு பொட்டலுக்கு ஆட்கள் வந்து அளந்தார்கள்.

அன்றைக்குப் பெரிய அதிகாரியின் காதில் மேனேஜர் சொன்னது என்ன என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. வரைபடத்தைப் பார்க்காமலே விட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வராமல், "சார், அதுதான் நாம கட்டப்போற எண்ணெய்க் கிடங்கு. வடக்கால இடம் பார்த்து வச்சிருக்கேன்" என்று அள்ளி விட்டிருக்கிறார். தாராளம் சொன்னால் அது பொய். மேனேஜர் சொன்னால் அது திட்டம். திட்டம் ஃபைலாகி, ஃபைல் கையெழுத்தாகி, பொட்டல் முழுவதையும் கம்பெனி வாங்கியது. போட்ட பணத்துக்குப் பல மடங்கு கொடுத்து வாங்கியது. டாக்டர் இரண்டு மாடி ஆஸ்பத்திரி கட்டினார். சலூன்காரர் சுழல் நாற்காலிகள் வாங்கிப் போட்டுக் குளிர்சாதனம் வைத்தார். மர வியாபாரி ஊரை விட்டே போய்ச் சொகுசாக இருக்கிறார். மேனேஜருக்குப் பதவி உயர்வு வந்தது. தொலைநோக்கு உள்ளவர் என்று பாராட்டுப் பத்திரம் வேறு.

பொட்டலுக்கு அடியில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவுக்கு டாங்குகளைப் புதைத்தார்கள். வளைகுடாவிலிருந்து தாராளம் துடைத்தெடுத்த சொட்டுகளெல்லாம் கப்பலேறி, ரயிலேறி வந்து அதற்குள் இறங்கின. எண்ணெய் பிறந்த நாட்டிலும் சரி, வந்து தங்கிய ஊரிலும் சரி, பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது நாற்றம் மட்டும்தான்.

அந்தப் பக்கத்தில் குடியிருந்தவள் அக்கா. ரயில் பாதைக்கு மேலே பாலம் போட்டு, கிடங்குக்குப் போகிற சாலையை அவள் வீட்டு வாசலை உரசிக்கொண்டு திருப்பினார்கள். டாங்கர் லாரிகள் பொழுது விடியும் முன்பே வரிசை கட்டி நிற்கும். ஹாரன் சத்தத்தில் பாத்திரங்கள் அதிரும். காகிதம் காகிதமாக ஒட்டிக் கட்டிய வீட்டின் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. காயப்போட்ட துணியிலும் டீசல் வாசம், குடிக்கிற தண்ணீரிலும் டீசல் வாசம். விற்றுவிட்டுப் போகலாம் என்றால், எண்ணெய்க் கிடங்கின் வாசலில் வீடு வாங்க எந்தப் பைத்தியக்காரன் வருவான்? அத்தான் இருமிக்கொண்டே லிஃப்டில் ஏறி இறங்கினார். அக்கா தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மட்டும் மாடிப்படியில் வந்துவிடும்.

கிடங்கின் சுற்றுச்சுவரில் எச்சரிக்கை எழுதுகிற வேலை தாராளத்துக்கே கிடைத்தது. 'தீப்பற்றும் பொருள், நெருங்காதே' என்று சிவப்பில் எழுத வேண்டும். ஒரு மத்தியானம் ஏணியில் நின்று எழுதிக்கொண்டிருந்தவர், கீழே யாரோ நிற்பது தெரிந்து திரும்பிப் பார்த்தார். அச்சகத்திலிருந்து திரும்பி வந்த அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இறங்குடா."

இறங்கினார்.

"அன்னைக்கு நான் வந்து கேட்டப்ப, இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"உன் வீடு போயிடக் கூடாதேன்னுதானக்கா உண்மையைச் சொன்னேன்..."

"வீடு எங்கடா போச்சு? அங்கேயேதான் நிக்குது. நான்தான் அதுக்குள்ள மூச்சு விட முடியாம கிடக்கேன்."

ஒரு லாரி அவர்களுக்கு நடுவில் புகையைத் தள்ளிவிட்டுப் போனது. அக்கா அது போகும்வரை காத்திருந்தாள். கோபமாகக் கூட இல்லை, கணக்குப் புரியாதவள் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"டாக்டர்கிட்ட பொய் சொன்னே, அவர் நல்லா இருக்காரு. சலூன்காரன்கிட்ட பொய் சொன்னே, அவனும் நல்லா இருக்கான். ஊருக்கெல்லாம் பொய்யைச் சொல்லி வாழ வச்சே. கூடப் பிறந்தவ ஒருத்திக்கு மட்டும் உண்மையைச் சொல்லிக் கெடுத்துட்டியேடா, நான் உனக்கு என்னடா பாவம் பண்ணேன்?"